எஃப்2 அடித்தால் வெளிச்சம் கூடுகிறதாமே!

ஹற்றன்,
ஞாயிறு

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. பண்டாரவளைப் பக்கம் வெயில் என்று மட்டும் எழுதாதே, வயிறு எரியும்.

அந்த வயர்லெஸ் கீபோர்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அது பழுதில்லை, பொய் சொல்கிறது. எஃப்2 அடித்தால் வெளிச்சம் கூடுகிறது, எஃப்11-க்குச் சத்தம் குறைகிறது என்று எழுதியிருந்தாய். அது ஆப்பிள் கீபோர்டின் மேல்வரிசை.

யூஎஸ்பியோ புளூடூத்தோ, சேர்ந்த உடனே கருவி தன் கம்பனி எண்ணைச் சொல்லும். சில கீபோர்டுகள் ஆப்பிளின் 05ஏசி என்ற எண்ணையே சொல்லிவிடும். உன் கணினியில் உள்ள லினக்ஸின் மையமான கேர்னல் அதை நம்பி, ஆப்பிள் கீபோர்டுகளைக் கவனிக்கும் ‘எச்ஐடி-ஆப்பிள்’ மொட்யூலிடம் (துணை நிரலிடம்) ஒப்படைத்துவிடும். நீ செட்டிங்ஸில் லேஅவுட்டை 20 தரம் மாற்றியது வீண்வேலை. டெஸ்க்டாப்புக்கு வருமுன்பே எஃப்2 வெளிச்சமாகிவிடுகிறது. கேள்வியை வாசிக்காமல் விடை எழுதுகிற பழக்கம் உனக்குக் கணக்கு மாஸ்டர் காலத்திலேயே உண்டு.

முதலில் உறுதிசெய். ‘புரொக், பஸ், இன்புட், டிவைசஸ்’ என்ற பாதையில் (பாதைகளில் நான் கமா போட்ட இடத்தில் சாய்கோடு, தொடக்கத்திலும் ஒன்று) உள்ள கோப்பை ‘கேட்’ கட்டளையால் பார். கீபோர்டின் பெயருக்கு மேல்வரியில் ‘வென்டர்’ (கம்பனி எண்) 05ஏசி என்றிருக்க வேண்டும். வேறு எண் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அந்த வரிகளை எனக்கு எழுதி அனுப்பு.

05ஏசி என்றால், ‘சிஸ், மொட்யூல், எச்ஐடி-ஆப்பிள், பராமீட்டர்ஸ்’ என்ற பாதையில் ‘எஃப்என்மோட்’ என்றொரு கோப்பு இருக்கும். நான் சிறுகோடு போட்ட இடத்தில் நீ அடிக்கோடு அடி. அதில் 0 என்றால் எஃப்என் விசைக்கு வேலையில்லை. 1 என்றால் வெளிச்சமும் சத்தமும் முதலில். 2 என்றால் எஃப் விசைகள் முதலில். புதிய கேர்னல்களில் 3 உண்டு, அது தானே ஊகிக்கும். ஆப்பிள் அல்லாத சில கீபோர்டுகளின் பெயர்ப்பட்டியல் அதனிடம் இருக்கிறது. உன்னுடையது அதில் இல்லாவிட்டால் ஊகம் பிழைக்கும்.

நமக்கு வேண்டியது 2. நிர்வாகி உரிமை தரும் சூடோவை நம்பி ‘சூடோ எக்கோ’ போட்டு அம்புக்குறியால் எழுதப் பார்க்காதே, அனுமதி இல்லை என்றுதான் வரும். கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, நீ அடிக்கும் கட்டளையை வாங்கும் ஷெல், அதற்கு அந்த உரிமை இல்லை. ‘எக்கோ 2’, பிறகு செங்குத்துக் கோடு (பைப்), பிறகு ‘சூடோ டீ’, கடைசியில் அந்தக் கோப்பின் பாதை. என்ரர் தட்டியதும் எஃப்2 ஒழுங்காக வேலைசெய்யும்.

ஆனால் கணினியை அணைத்தால் அது போய்விடும். நிலையாக இருக்க, ‘ஈடிசி’யில் ‘மொட்புரோப் டொட் டி’ அடைவுக்குள் ‘டொட் கொன்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பு உண்டாக்கு. உள்ளே ஒரே வரி: ‘ஒப்ஷன்ஸ், எச்ஐடி-ஆப்பிள், எஃப்என்மோட்=2’ (இங்கே கமா இடத்தில் வெறும் இடைவெளி, சிறுகோடு இடத்தில் அடிக்கோடு). சமன் குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாதே. உன்னுடையது உபுண்டு, ஆகவே ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ஓர் இடைவெளி, சிறுகோடு யூ (இங்கே இரண்டும் சிறுகோடே). இந்தக் கட்டளை, கணினி எழும்பும்போது முதலில் ஏறும் பொதிக்குள் உன் கோப்பையும் சேர்க்கும். இதைத் தவறவிட்டு அல்லாடுகிறவர்கள் உண்டு: கணினி எழும்பும்போதே அந்த மொட்யூல் ஏறிவிடக்கூடும், அப்போது உன் புதிய கோப்பை அது பார்க்காது.

பிறகு ரீபூட். எஃப்என்மோட் கோப்பில் 2 நின்றால் வேலை முடிந்தது. பழைய எண் திரும்பியிருந்தால் அந்த ஒரு வரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்.

இன்னொன்று, விளையாட்டில்லை. வாசிகசாலையில் உள்ள மற்றக் கணினிகளில் திருட்டு விண்டோஸ் ஏற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஒரு எஃப்2 விசைக்காகவா? பிள்ளைகள் பாவிக்கிற மெஷின்கள் அவை. கை வைக்காதே, ரீபூட் முடிந்து எழுது.

மச்சான்