பார்ன் மட்டும் போதாது, ஊரும் வேணும்

லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டோட மூணாவது ரன்வே விஷயத்துல முடிவெடுக்கிற அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கதை உங்களுக்கே தெரியும், முதல்ல இருந்து ஆரம்பிக்கல: ரன்வே வந்தா எங்க ஹார்மண்ட்ஸ்வொர்த் ஊர் வீடுங்களை இடிப்பாங்க, கிரேட் பார்ன்ங்கிற எங்க பழைய தானியக் களஞ்சியம் தப்பிச்சுடும். போன மாசம் நடந்த கூட்டத்துல ஹார்மண்ட்ஸ்வொர்த் ஊர்க்காரங்க கேள்வி கேட்டப்ப மேடையில இருந்தவர், "கவலைப்படாதீங்க, கிரேட் பார்ன் ரன்வே எல்லைக்கு வெளியதான் வருது, அதுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னாரு. அந்த பதிலை என்னால ஜீரணிக்க முடியல, அதான் எழுதுறேன்.

பார்ன் நிக்கணும், அதுல ரெண்டு கருத்து இல்ல. 1426ல கட்டினது, கிட்டத்தட்ட 58 மீட்டர் நீளம், உள்ள போய் நின்னா ரெண்டு பக்கமும் வரிசையா ஓக் தூணுங்க, ஒவ்வொண்ணும் கல்லு மேல உக்காந்திருக்கும், அண்ணாந்து பார்த்தா குறுக்கும் நெடுக்குமா உத்தரம், பெரும்பாலும் அன்னைக்கு வச்ச அதே மரம். கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை இந்தப் பக்கத்து பழைய மாவட்டமான மிடில்செக்ஸோட கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம்னு சொன்னாரு. ஆனா அன்னைக்கு இந்த நிலத்துக்கு சொந்தக்காரங்களா இருந்த வின்செஸ்டர் காலேஜ் இதை எதுக்கு கட்டுச்சு? இந்த ஊர் நிலத்துல விளைஞ்ச தானியத்தை சேத்து வைக்கத்தானே. தேரோடும் வீதியை இடிச்சிட்டு தேரை பத்திரமா வச்சிருக்கோம்னு சொன்னா எந்த ஊர்ல ஒத்துப்பாங்க? தயவுசெஞ்சு ரன்வே பிளான்ல இருந்து மொத்த ஊரையும் விலக்குங்க.

என் பக்கத்து வீட்டு பாட்டிய பத்தி சொல்லணும். அவங்க வீட்டுக்காரர் செயின்ட் மேரி சர்ச் மயானத்துல இருக்காரு, பக்கத்துலயே தனக்கும் இடம் சொல்லி வச்சிருக்காங்க. கூரை ஒழுகுது, பின் ரூம்ல வாளி வச்சிருக்காங்க, அவங்க பையன் மாத்திடலாம்ங்கிறான், இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குடா செலவுன்னு இவங்க தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்காங்க. விக்கலாம்னா வாங்க ஆள் வரணுமே. ஏர்போர்ட்காரங்க மார்க்கெட் விலைக்கு மேல 25 சதவீதம் தர்றதா பேசுறாங்க, சரி, அதை வாங்கிட்டு வேற எங்கயோ போய்ட்டா ஞாயித்துக்கிழமை அந்த கல்லறைக்கு பூ வைக்க எப்படி வருவாங்க, எண்பது வயசுக்கு மேல ரெண்டு பஸ் மாறியா? சர்ச் இருக்கும், பார்ன் இருக்கும், நடந்து வர்ற தூரத்துல மனுஷங்க இருக்க மாட்டாங்க.

அதே மயானத்துலதான் ரிச்சர்ட் காக்ஸும் இருக்காரு. உங்க சூப்பர் மார்க்கெட்ல காக்ஸ் ஆப்பிள்னு விக்குதே, அதை முதல்ல வளர்த்த மனுஷன்.

இந்த ரன்வேக்கு 2009ல சரின்னீங்க, 2010ல கைவிட்டீங்க, 2015ல ஏர்போர்ட்ஸ் கமிஷன் மறுபடி கொண்டுவந்துச்சு, 2018ல பார்லிமென்ட் 415க்கு 119னு ஓட்டு போட்டுச்சு, 2020 பிப்ரவரியில அப்பீல் கோர்ட் சட்டப்படி செல்லாதுன்னுச்சு, டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை மாத்துச்சு, 2025 ஜனவரியில நிதியமைச்சரே ஆதரவுன்னு அறிவிச்சாங்க. ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த ஊருக்கு உயிர் போய் போய் வருது. இப்படி ஒரு தலைமுறையையே காக்க வச்சதுக்கு யாரு பொறுப்பு? இங்க வளர்ந்த பசங்களே இங்க வீடு வாங்க பயப்படுறாங்க.

ஏர்போர்ட்டுக்கு நான் எதிரி இல்லைங்க. இந்தப்பக்கம் இருக்கிற தமிழ் குடும்பங்கள் எத்தனையோ பேருக்கு அங்கதான் வேலை, என் வீட்டு சம்பளமும் அங்க இருந்துதான் வருது. ஆனா ஹீத்ரோங்கிறதே ஒரு குக்கிராமத்து பேர்தான், 1944ல விமானப்படைக்குன்னு போர்க்கால அதிகாரத்துல எடுத்தாங்க, 1946ல பயணிகள் ஏர்போர்ட் ஆயிடுச்சு, அந்த ஊர் திரும்பி வரவே இல்ல. ஒரு ஊரை ஏற்கனவே கொடுத்தாச்சு. அடுத்து இன்னொண்ணா?

கோபத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. கேக்குறது இதுதான்: ஹார்மண்ட்ஸ்வொர்த்தை வீடு, தெரு, பள்ளிக்கூடம், சர்ச், பார்ன் எல்லாம் சேர்ந்த ஒரே ஊரா பாருங்க, ரன்வே பிளான்ல இருந்து விலக்குங்க, அடுத்த ஆட்சி வந்து மாத்தாத மாதிரி சட்டத்துல எழுதிக் கொடுங்க. அதுவும் சீக்கிரமா, பாட்டி கூரைய மாத்துறதுக்கு அடுத்த குளிர்காலம் வரைக்கும்தான் டைம் இருக்கு.

நன்றியுடன்,
ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம்