வின்செஸ்டர் ஜோடி என்று விற்ற கார்பைன் பற்றிய புகார்

பெறுநர்: விற்பனை மேலாளர்

பொருள்: விளம்பரத்துக்கு மாறான எம்1 கார்பைனைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களிடம் 5,400 டாலர் கொடுத்து வாங்கிய, வின்செஸ்டர் நிறுவனம் செய்த துப்பாக்கி ஜோடி நேற்று முன்தினம் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தின் எம்1 காரண்ட் ரைஃபிள் ஒன்று, அதைவிடச் சிறிய, லேசான எம்1 கார்பைன் ஒன்று. இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன, எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். ரைஃபிளில் எனக்குக் குறையில்லை. கார்பைன்தான் நீங்கள் சொன்ன பொருளாக இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் குறிபார்க்கும் முன்குறிக்குப் பின்னால் பேரலில் (குழலில்) இருந்த எண்ணெயைத் துடைத்தேன். 'இன்லேண்ட்' என்றும் 'ஜெனரல் மோட்டார்ஸ்' என்றும் எழுத்துகள் தெரிந்தன; கார்பைன் செய்த வேறொரு நிறுவனத்தின் பெயர்கள் அவை. மற்றப் பாகங்களைத் தாங்கும் நடு உடலான ரிசீவரில் மட்டுமே வின்செஸ்டர் பெயர் இருக்கிறது. பேரலில் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் வளையம் இருக்கிறது, பின்குறியோ திருகி நகர்த்தும் வகை. 1943இல் செய்த கார்பைனுக்கு இவை இரண்டும் பிற்பாடு போட்டவை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது கார்பைனின் மரக்கட்டைக்குச் செய்திருப்பது. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் 'ஆர்ஐஏ' முத்திரையின் கீழ்ப்பாதி இன்னும் தெரிகிறது. ராக் ஐலண்ட் படைக்கலச் சாலையில் புதுப்பித்ததற்கான அடையாளம் அது. இன்னொரு இடத்தில், புதிதாகச் செய்தபோது ராணுவம் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமான குறுக்குப் பீரங்கி முத்திரை பளிச்சென்று இருக்கிறது: விளிம்புகள் கூர்மையாக, பள்ளத்தில் துளி அழுக்கும் இல்லாமல். எண்பது வருஷத்துக் கைபட்ட மரத்தில் முத்திரை இப்படி இருக்காது. ஒரு முத்திரையை அழித்து, இன்னொன்றை யாரோ புதிதாக அடித்திருக்கிறார்கள்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், எல்லாக் கார்பைனும் பல நிறுவனப் பாகங்களின் கலவைதான், இதிலென்ன என்றார். உண்மைதான். அறுபது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போருக்குப் பிறகு ராணுவம் அவற்றைப் பிரித்துப் பாகங்களைக் கலந்துதான் மறுபடி பூட்டியது. அப்படி ஒன்று, ராக்-ஓலா என்ற நிறுவனத்தின் ரிசீவர் கொண்டது, என்னிடமே இருக்கிறது. அதற்குரிய விலைக்கு வாங்கினேன், அதன் முத்திரைகளை அப்படியே வைத்திருக்கிறேன். நீங்கள் மாற்றப்படவில்லை என்று சொன்னதற்காகத்தான் இவ்வளவு விலை கொடுத்தேன்.

கார்பைன் செய்த நிறுவனங்கள் பல. தட்டச்சுப் பொறி செய்த அண்டர்வுட், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா, ஐபிஎம் எல்லாம் செய்தன. ஆனால் போர்க்காலத்தில் காரண்டையும் கார்பைனையும் சேர்த்துச் செய்த ஒரே நிறுவனம் நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர். ஒரே ஆலையில் பிறந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆறு வருஷமாகத் தேடினேன். காரண்டின் போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகத்தில்) வின்செஸ்டரைக் குறிக்கும் 'டபிள்யூஆர்ஏ' எழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதன் அருகில் இந்தக் கார்பைனை வைக்க மனம் வரவில்லை.

கார்பைனை நான் சுடவில்லை. உங்கள் ரசீதில் அதற்கென்று காட்டியுள்ள 2,500 டாலரையும் இரு வழி அனுப்புச் செலவையும் திருப்பித் தாருங்கள். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவருக்கான உரிமத்தின்படி நான் வைத்திருக்கும் பதிவேட்டில் வரவு எழுதிவிட்டேன். உங்கள் உரிம நகலை அனுப்பினால் உடனே திருப்பி அனுப்பி, அதையும் பதிந்துவிடுவேன். ரைஃபிள் என்னிடமே இருக்கட்டும்.

அடுத்தவருக்கு இதை விற்கும்போது, ராக் ஐலண்டில் புதுப்பித்தது என்றும் கட்டை தேய்க்கப்பட்டது என்றும் எழுதி விற்க வேண்டும். பேரல், கட்டை, பின்குறி ஆகியவற்றின் பதினொரு படங்களை இணைத்திருக்கிறேன். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்