அடித்தட்டு முள்ளங்கி

யூன் லாங், ஹாங்காங்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதத்துக்கு மூன்று வாரம் தாமதமாகப் பதில் போடுகிறேன், திட்டாதே. மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்று சம்பந்தி வீட்டோடு வந்த மனஸ்தாபத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முதல் பந்தி என்ற பேச்சே இல்லாத ஒரு விருந்துக்கு அப்போதுதான் போய் வந்திருந்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்திலுள்ள பிங் ஷான் ஊர்க்காரர், டாங் குலம். தம்பிக்கு மகன் பிறந்திருக்கிறான், விளக்கேற்றுகிறோம், வா என்றார். முந்தின வருஷம் பிறந்த ஆண் பிள்ளைகளுக்காகச் சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் முன்னோர் மண்டபத்தில் விளக்குத் தொங்கவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பிள்ளை குலத்தில் சேர்த்தி. பெண் பிள்ளைக்கு வழக்கப்படி விளக்கு இல்லை. நம் ஊர் லட்சணம் தெரிந்த நான் என்ன சொல்ல?

மேசைக்கு ஒரு பெரிய தொட்டி வந்தது. அவ்வளவுதான் விருந்து! இந்த ஊர்ப் பேச்சான கன்டோனீசில் 'பூன் சோய்' என்கிறார்கள். தொட்டிக் கறி என்று வைத்துக்கொள். விருந்துக்குப் போவதையே 'தொட்டி சாப்பிடுவது' என்றுதான் சொல்கிறார்கள். அடியில் வெள்ளை முள்ளங்கி, பன்றித் தோல், சோயாப் பாலின் ஏட்டைக் காயவைத்த குச்சிகள். இவை மூன்றும் சாற்றை உறிஞ்சுகிறவை. அதற்கு மேல், புளிக்க வைத்த சிவப்புச் சோயாக் கட்டியும் அன்னாசிப்பூவும் போட்டு மணிக்கணக்காக வேகவைத்த பன்றிக்கறி. உச்சியில் கோழியும் இறாலும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமைத்து அப்புறம் அடுக்குகிறார்கள். கிளறக் கூடாது. மேலிருந்து கீழே தின்றுகொண்டே இறங்க வேண்டும். நான் அவசரக்குடுக்கை, இறாலிலும் கோழியிலும் வயிற்றை நிரப்பிவிட்டேன். பக்கத்திலிருந்த கிழவர் நிதானமாகக் காத்திருந்து, கடைசியில் முள்ளங்கியை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். அத்தனை கறியின் சாறும் அதற்குள்தான் போய் உட்கார்ந்திருந்தது.

காலியான நாற்காலியில் யாரும் உட்காரலாம். வங்கி அதிகாரியும் லாரி ஓட்டுகிறவரும் ஒரே தொட்டியில் கை வைக்கிறார்கள். ஜேம்ஸ் வாட்சன் என்ற மானிடவியலாளர் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்து, இதைச் சமமானவர்களின் விருந்து என்று 1987இல் எழுதியிருக்கிறார்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் கை நீளவில்லை. எச்சில்! அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. தண்ணீரைக்கூட அண்ணாந்து குடித்த வீடு. சுற்றிலும் பத்து பேரின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தத் தொட்டிக்குள் போய் வந்தபடி இருந்தன. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்ததிலிருந்து இந்த ஊரிலும் பரிமாறுவதற்குத் தனிக் குச்சி வைக்கும் பழக்கம் கூடியிருக்கிறது. அன்றும் ஒரு ஜோடி வைத்திருந்தார்கள். இரண்டாவது வாய்க்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை, நானும்தான்.

இந்தத் தொட்டி விருந்து வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். சீனாவை ஆண்ட தெற்குச் சோங் வம்சத்தின் குழந்தை அரசர் மங்கோலியருக்குத் தப்பி இந்தக் கரைக்கு வந்தபோது, கூட வந்த படைக்கெல்லாம் போடப் பாத்திரம் போதாமல் கிராமத்தார் மரத் தொட்டிகளில் பரிமாறினார்களாம். 1279இல் அந்த வம்சமே முடிந்துபோனது. எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுகிறவனுக்குப் பெரிய பாத்திரம் வேண்டும். இதற்கு அரசன் எதற்கு?

இப்போது புத்தாண்டுக்கு ஹோட்டல்காரர்களே அபலோன் நத்தையை மேலே அடுக்கிப் பார்சல் கட்டித் தருகிறார்கள். வீட்டில் சூடு பண்ணிச் சாப்பிடலாம். போன வருஷம் ஒன்று வாங்கினோம். ருசி குறைவில்லை, ஆனால் நானும் என் மனைவியும் மட்டும் ஒரு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது என்னவோ போலிருந்தது. மூன்று நாள் அதையே தின்றோம்.

கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். முதல் பந்தியை சம்பந்திக்கே விட்டுக்கொடுத்துவிடு. என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வை. அடிச் சாம்பார் கெட்டியாக இருக்கும்.

அன்புடன்,
ராமநாதன்