புற்றுநோய்ப் பரிசோதனை: குறுஞ்செய்தி நினைவூட்டல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய் முன்பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டு, வேலை மும்முரத்தில் அதைத் தவறவிடுவோர் நம்மிடையே உண்டு. குறுஞ்செய்தி நினைவூட்டல் இதற்கு ஓரளவு கைகொடுப்பதாக ஆய்வுகள் காட்டுவதால், விரும்புவோருக்குப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய நாள் மாலையிலும் செய்தி அனுப்பவுள்ளோம்.

1. வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குள் உங்கள் பெயரையும் பரிசோதனை நாளையும் எனக்குத் தனிச்செய்தியாக அனுப்பவும். உடல்நல விவரம் என்பதால் குழுவில் பதிவிட வேண்டாம்.

2. கைபேசி வீட்டில் பலர் கைக்கும் போகக்கூடியது என்பதால், “நாளை காலை 9.30 மணிக்கு உங்கள் முன்பதிவு” என்று மட்டுமே செய்தியில் இருக்கும், நோயின் பெயரோ இணைப்போ இராது. இணைப்புடன் வந்தால் அது நம்முடையதன்று, திறக்காதீர்கள்.

3. இன்னும் நாள் குறிக்காதவர்கள் மருத்துவரிடம் கேட்டுக் குறிக்கவும். பொதுவாகப் பெண்கள் 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனை (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டறியும் சோதனை) செய்துகொள்ள உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

4. கட்டி, காரணமற்ற இரத்தக்கசிவு போன்ற அறிகுறி உள்ளவர்கள் நினைவூட்டலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

நினைவூட்டல் தேவையில்லை எனில் “வேண்டாம்” என்று தனிச்செய்தியில் தெரிவித்தால் போதும். காரணம் கேட்க மாட்டோம்.

– ஒருங்கிணைப்பாளர்