இவ்வார வேதபாடம்: ஐசுவரியமும் ஏழைக்குக் கொடுத்தலும்

அன்பான உறுப்பினர்களுக்கு ஸ்தோத்திரம். இவ்வாரம் தியானிக்கவிருக்கும் லூக்கா 16:19–31 வசனங்களை (ஓர் ஐசுவரியவானையும் லாசரு என்னும் ஏழையையும் குறித்து இயேசு சொன்ன கதை) அனைவரும் முன்கூட்டியே வாசித்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐசுவரியவான் லாசருவை அடித்தான் என்றோ, அவனுடைய பொருளைப் பறித்தான் என்றோ ஆண்டவர் சொல்லவில்லை. தன் வாசலருகே பருக்கள் நிறைந்த ஒருவன் பசியோடு கிடக்க, அவன் நாள்தோறும் சம்பிரமமாய் வாழ்ந்தான் என்பதையே நமக்குக் காட்டுகிறார். ஏழைக்குப் பெயர் இருக்க, செல்வந்தனுக்குப் பெயரே இல்லை. வாசிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது இதுதான்.

பணமே தீமை என்று வேதம் போதிப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். ஆனால், எல்லாத் தீமைக்கும் வேர் என்று 1 தீமோத்தேயு 6:10 குறிப்பிடுவது பண ஆசையைத்தான். வரி வசூலிப்போரின் தலைவனாயிருந்த சகேயுவையும் (லூக்கா 19) நினைவில் கொள்ளுங்கள்: ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்ன அவன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தரவும் முன்வந்தான். பிறருக்குச் சேரவேண்டியதைத் திருப்பாமல் செய்யும் தருமத்தைக் குறித்து நாம் மனந்திறந்து பேச வேண்டும் என்று விரும்புகிறேன். 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த பசிலியார், நாம் பூட்டி வைத்திருக்கும் அப்பமும் ஆடையும் இல்லாதவனுக்கே உரியவை என்று பிரசங்கித்தார்.

உதவி செய்ய முன்வருவோர், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3இன்படி, தங்கள் பெயரையோ தொகையையோ இக்குழுவில் பதிவிட வேண்டாம்.