குழந்தையிடம் கேட்ட கேள்வியும் பதிவாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு குழந்தைகள் சாட்சியாக வரும் வழக்குகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 'குழந்தை பொய் சொல்லாது' என்று ஒரு சாராரும், 'யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது' என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு நெடுங்காலம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் எனக்குள்ள வருத்தம், அந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்ட பெரியவர் என்ன கேட்டார் என்பதை இரு தரப்பும் விசாரிப்பதில்லை என்பதுதான்.

ஒருமுறை என் வகுப்பில் ஒரு பென்சில் பெட்டி காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுச் சிறுமியிடம், ஒரு மாணவனைக் காட்டி, 'அவன்தானே எடுத்தான்?' என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் கேட்டேன், மூன்றாவது முறை 'ஆமாம்' என்றாள். மாலையில் தலைமையாசிரியர் கேட்டபோது, அவன் அதைப் பைக்குள் ஒளித்த விதத்தையும் விவரித்தாள். பெட்டியோ, அதற்குரிய பிள்ளையின் வீட்டிலேயே இருந்தது. ஆசிரியை ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முதலில் சொன்ன விடை தவறு என்று வகுப்பறையில் அவளைப் பழக்கியவள் நான். அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

அமெரிக்காவில் 1995-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மழலையர் பள்ளிக்கு ஒருவர் வந்து, எதையும் தொடாமல், இரண்டு நிமிடம் சுற்றிவிட்டுப் போனார். ஒரு பிரிவுக் குழந்தைகளிடம் அவர் எதையும் போட்டு உடைப்பவர் என்று முன்கூட்டியே கதை சொல்லியிருந்தார்கள். பிறகு பத்து வாரங்களில் பலமுறை, அவர் புத்தகத்தைக் கிழித்ததாகவும் பொம்மையை அழுக்காக்கியதாகவும் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்கள். முடிவில், அந்தப் பிரிவின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் 72 விழுக்காட்டினர் அவர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். கதையும் திணிப்பும் இல்லாத பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் சுமார் 10 விழுக்காட்டினர் மட்டுமே. மழலையின் நினைவு நம்பத்தகாதது என்று சொல்வோர் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். தானாகச் சொல்ல விட்டால் சிறு குழந்தை குறைவாகத்தான் சொல்லும், ஆனால் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நியூ ஜெர்சியில், மருத்துவரிடம் காய்ச்சல் பார்த்தபோது ஒரு நான்கு வயதுச் சிறுவன் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து 1985-இல் தொடங்கிய பாலியல் கொடுமை விசாரணை, ஒரு மழலையர் பள்ளி ஆசிரியைக்கு 47 ஆண்டு சிறைத் தண்டனையில் போய் முடிந்தது. ஐந்து ஆண்டுகள் அவர் சிறையில் இருந்த பின், 1993-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. குழந்தைகளிடம் கேள்வி கேட்ட விதமே அவர்களுடைய நினைவைக் கெடுத்திருக்கக்கூடும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு கூறியது. ஒலிப்பதிவுகள் இருந்ததால்தான் அந்தக் கேள்விகள் வெளிச்சத்துக்கு வந்தன. வேறெங்காவது உண்மையாகவே கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையின் வார்த்தையையும் இத்தகைய விசாரணை கெடுத்துவிடும் என்பது எனக்கு இதைவிடப் பெரிய அச்சம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம்முடைய போக்சோ சட்டம் 26-ஆம் பிரிவில், குழந்தை சொன்னது சொன்னபடியே பதிவாக வேண்டும் என்கிறது. ஒலி, ஒளிப் பதிவையும் இயன்ற இடங்களில் செய்யச் சொல்கிறது. இந்த 'இயன்ற இடங்களில்' என்பதை நீக்கி, காவல் துறையின் முதல் விசாரணையிலிருந்தே பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்து வாக்குமூலம் குழந்தையே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனதுபோல் அமைந்துவிட்டால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தது என்பதை நீதிபதி எப்படி அறிவார்?

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'என்ன நடந்தது, சொல்லும்மா' என்று கேளுங்கள், 'அப்புறம்?' என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். யார் பெயரையும் நீங்கள் எடுக்காதீர்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளையும் நீங்கள் கேட்டதையும் அன்றே எழுதி வைத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டார் என்று ஆளாளுக்கு அதே குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்க இடம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.