கே.பி.எஸ். அம்மாவின் குரலை ஊருக்குள் ஒலிக்க வைத்தவர்களுக்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள் அம்மா. நாடக மேடை, இசைத்தட்டு, சினிமா, கச்சேரி, கட்சிக் கூட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பாடியவர். அவருக்காக அவர் பிறந்த ஊரிலேயே ஒரு மாலை முழுக்கப் பாட்டும் பேச்சுமாக நடத்தி முடித்திருக்கிறோம். மண்டபம் நிறைந்து, வெளியே மரத்தடியிலும் ஆட்கள் நின்றார்கள். அது என் ஒருவனால் ஆன காரியம் இல்லை. யார் யாரால் ஆனது என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவர்க்குத் தெரியும்.

முதல் நன்றி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஆர்மோனிய ஐயாவுக்கு. எழுபது வயதைத் தாண்டியவர். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் வராமல் இருந்திருந்தால் எல்லாரும் வழக்கம்போல ஔவையார் படப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுக் கலைந்திருப்போம். “அந்த அம்மாவை சினிமாவிலிருந்து ஆரம்பிக்காதீங்க, மேடையிலிருந்து ஆரம்பிங்க” என்று போனிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்தான் நிகழ்ச்சியின் போக்கையே மாற்றியது.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று அவர் விளக்கியதை இளைஞர்கள் அப்படிக் கவனித்துக் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதாநாயகனாக நிற்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நிற்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், சிரிக்க வைக்கும் பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், அன்றைக்கு ராத்திரி சந்தித்து, அன்றைக்கே விடிய விடிய ஆடுவார்கள். எதிரே நிற்பவர் எந்த ராகத்தில் எடுப்பார், ஒரு வரியை எவ்வளவு நேரம் விரித்துப் பாடி நிரவுவார் என்று முன்கூட்டித் தெரியாது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் அம்மா வளர்ந்தது அந்த உலகத்தில். சின்ன வயதில் நல்லதங்காள் நாடகத்தில் ஆண் பிள்ளை வேஷம் கட்டியவர், பிறகு வள்ளியாக நின்றார்.

அப்புறம் ஐயா கட்டைக் கணக்குக்கு வந்தார். கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி எவ்வளவு உயரம் என்பதற்கான ஆர்மோனியக் கணக்கு; எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஆண்கள் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா ஆறு கட்டையில் பாடியவர் என்று பேர் பெற்றவர். வள்ளி திருமணம் நாடகத்தில் வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதம் செய்வார்கள். கிட்டப்பா வேலனாக நின்று அந்த உச்சத்தில் ஒரு வரியை விட்டால், அதே பெட்டியின் சுருதியில் அவருக்கு ஈடு கொடுக்கும் வள்ளி வேண்டும். 1926இல் இலங்கையில் நாடகம் ஆடப் போன இடத்தில் இவர்கள் இருவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். ஜோடிப் பொருத்தம் என்று ஊர் கொண்டாடியது முதலில் அந்தச் சுருதிப் பொருத்தத்தைத்தான் என்று ஐயா சொன்னபோது அரங்கில் கைதட்டல் அடங்க நேரமானது.

அடுத்து மைக்செட் தம்பிக்கு. ஒரு பாட்டுக்கு மட்டும் மைக்கை அணைத்துவிடச் சொன்னோம். ஐயா கேட்டது அது. மைக் வராத காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்த கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர எப்படிப் பாடினார்கள் என்று காட்ட வேண்டும் என்றார். “ஜனம் சத்தம் போடும் அண்ணா” என்று தயங்கிய தம்பி, கடைசியில் மைக்கை மட்டும் இல்லாமல் மின்விசிறிகளையும் நிறுத்தினான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாடகக் கலைஞர் அக்கா வள்ளியாக எழுந்து நின்று பாடினார். எழுத்துக்கு எழுத்து அழுத்தமாக, பல்லவியின் முதல் சொல்லே வாசல் வரைக்கும் போனது. சினிமாவில் கே.பி.எஸ். அம்மா ஏன் ஒவ்வொரு சொல்லையும் அப்படிச் செதுக்கிப் பாடுகிறார் என்பது எனக்கு அந்த நேரத்தில் பிடிபட்டது. அது கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய பாட்டு. பக்கத்திலேயே மைக் வந்த பிறகும் அவர் அந்த வரிசையை மறக்கவில்லை.

அந்த அக்காவுக்கும் அவரோடு வந்த மிருதங்கக் கலைஞருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாக் காலத்தில் ஒரு ராத்திரி அவர்களுக்கு ஒரு நாடகம், ஒரு நாள் வருமானம். அந்தத் தேதியை எங்களுக்குக் கொடுத்தார்கள். நாடகக் கலைஞர்களைக் கூப்பிடுகிறவர்கள் அவர்களுக்குச் சம்பளமும் வண்டிச் செலவும் நல்ல சாப்பாடும் முறையாகக் கொடுக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். கலைக்காக வாங்க என்று சொல்லி ஓசியில் ஆட வைப்பது அநியாயம்.

தன் சேகரிப்பிலிருந்து பழைய இசைத்தட்டுகளையும் சாவி கொடுக்கும் கிராமபோனையும் கொண்டுவந்த அண்ணனுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள் மாற்றினார். யாரையும் தொடவிடாமல் இருக்கலாம், அவருடைய பொருள். ஆனால் குழந்தைகளை அருகே கூப்பிட்டு, விளிம்பைப் பிடித்து எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொடுத்தார். கிட்டப்பாவின் தட்டைப் போட்டுவிட்டு அவர் பேசியது சுருக்கம்தான். 1933 டிசம்பரில் அம்மாவின் கணவரான கிட்டப்பா இறந்தபோது அம்மாவுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. கடைசிவரை அதை விடவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் நந்தனார் படம், 1935. அதற்காக அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாயைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத தொகை, சரி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தப் படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில், அவரே நின்றார். ஜோடி வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் சினிமா அவரை ஓரம் கட்டிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் அந்த முடிவுக்குள்ளேயே தனக்கான இடத்தை உண்டாக்கிக்கொண்டார். நந்தனார், ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஔவையார் பாடல்களைப் பாடிய மாணவிகளுக்கும் அவர்களைப் பயிற்றுவித்த பாட்டு டீச்சருக்கும் நன்றி. 1953இல் ஜெமினி ஸ்டூடியோவின் ‘ஔவையார்’ வந்தபோது அம்மாவுக்கு 45 வயதுகூட நிறையவில்லை. அந்த வேடம் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்துக்கும் ஔவையாராக அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒத்திகையில் ஒரு சிறுமி, “இந்தப் பாட்டி சின்னப் பொண்ணா இருந்த போட்டோ இருக்கா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நாடகக் காலத்துப் படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக அச்சடித்து வாசலில் வைத்தோம். கண்ணு, உனக்கும் நன்றி.

காங்கிரஸ் மேடைகளில் அம்மா பாடியதைப் பற்றிப் பேசிய பெரியவருக்கு வணக்கங்கள். காந்தி கொடுமுடிக்கு அவர் வீட்டுக்கே வந்ததையும், தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாற, “சாப்பாடு மட்டும்தானா, தட்டும் சேர்த்தா?” என்ற மாதிரி காந்தி கேட்க, தட்டையும் அம்மா கொடுத்துவிட்டதாக ஊரில் வழங்கும் கதையையும் அவர் வாயால் கேட்டோம். 1951இல் அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானதைப் பலரும் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். கதர் கட்டிய காங்கிரஸ்காரர், தி.மு.க.வின் கலைஞர் கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் 1964இல் நடித்தார் என்று பெரியவர் சொன்னபோது எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். ‘துணைவன்’ பாட்டுக்கு 1969ஆம் ஆண்டின் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, நேரம் பார்த்து முடித்துக்கொடுத்தார். நல்ல பேச்சாளருக்குத்தான் அது வரும்.

மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த குடும்பத்துக்கும், சுண்டலும் சுக்குக் காப்பியும் போட்டுக்கொடுத்த சமையல்கார அக்காக்களுக்கும், நாற்காலி அடுக்கிய கல்லூரித் தம்பிகளுக்கும், கரூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கடைசி ரயிலைக் கணக்குப் பண்ணிக்கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. வீட்டு வேலை அத்தனையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னை அலையவிட்ட என் மனைவிக்கு நன்றி என்ற சொல் போதாது. இருந்தாலும் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

கணக்கு வழக்கு முடிந்தது. கலைஞர்கள் எல்லாருக்கும் பேசியபடி கொடுத்துவிட்டோம். இசைத்தட்டுகள் கீறல் இல்லாமல் அண்ணனிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சமிருக்கும் பணத்தில் ஆர்மோனிய ஐயா வாசித்துக் காட்டிய வள்ளி திருமணத் தர்க்கப் பாட்டுகளை முழுமையாகப் பதிவு செய்யப் போகிறோம். அவரும் சம்மதித்துவிட்டார். யார் வீட்டுப் பரணிலாவது பழைய நாடக நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் காட்டுங்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
கொடுமுடியிலிருந்து ஒரு ரசிகன்